மார்க் போடுகிற கை

2012 ஆகஸ்ட் 2ஆம் தேதி ராத்திரி எங்கள் சேரியில் கரண்ட் இருந்தது. அந்த வருஷத்து மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு இதை ஏன் முதல் வரியாக எழுதுகிறேன் என்று புரியும். அரசாங்கம் கொடுத்த இலவச கலர் டிவியில் லண்டன் ஒலிம்பிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தேன். வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்த எங்க ஆயா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, கழக்கூத்தாடிப் புள்ளயாட்டம் வளையுதுங்க" என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தவள் எழுந்து உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தப் பொண்ணப் பாரு. நம்ம ஊட்டுப் பொண்ணாட்டம் இருக்குது."

அந்தப் பொண்ணு கேபி டக்ளஸ். 16 வயசு. அமெரிக்கக் கறுப்பினப் பெண். அன்று ராத்திரி நான்கு கருவிகளிலும் சேர்த்து 62.232 எடுத்தாள், ரஷ்யாவின் விக்டோரியா கோமோவா 61.973. ஒலிம்பிக்ஸ் தனிநபர் ஜிம்னாஸ்டிக்ஸில் ஒட்டுமொத்தத் தங்கத்தை ஒரு கறுப்பினப் பெண் வாங்கியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு அவள் தலைமுடியைப் பற்றி, சரியாகப் படியவில்லை, ஒழுங்காகச் சீவவில்லை என்று அவள் நாட்டில் எழுதினார்களாம். அப்படி எழுதியவர்களில் கறுப்பர்களும் இருந்தார்கள் என்பதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் ரொம்ப நெருக்கமாகிப் போனது. பள்ளிக்கூடத்தில் என் சடையைப் பற்றி முதலில் கேலி பேசியது எங்கள் தெருப் பிள்ளைதான்.

மறுநாளே ஒரு நீள சைஸ் நோட்டு வாங்கினேன். பெயர், ஊர், வருஷம், மார்க். இன்று வரைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கூட்டங்களுக்கு வரும் தோழர்கள் இதை ஒரு வியாதி மாதிரிப் பார்க்கிறார்கள். "உனக்கும் அதுக்கும் என்ன தோழர் சம்பந்தம், ஒரு குட்டிக்கரணம் போடத் தெரியுமா?" தெரியாது. அன்ஈவன் பார்ஸ் என்பதை ஏற்றத்தாழ்வுக் கம்பிகள் என்று நான் தமிழில் சொன்னால் மட்டும் நன்றாகச் சிரிப்பார்கள்.

ஆயா சொன்ன கழைக்கூத்தாடி என்ற சொல்லை நான் விட்டுவிடத் தயாராக இல்லை. குறுந்தொகையின் 7ஆம் பாட்டில் ஆரியர் கயிற்றின்மேல் ஆடுகிறார்கள், அதற்குப் பறை கொட்டப்படுகிறது. வகுப்பில் அந்த உவமையின் நயத்தை ஒரு மணி நேரம் சொன்னார்கள். கயிற்றில் நின்ற பிள்ளை யார், பறை கொட்டியவன் யார், ஆடி முடித்ததும் அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அதே வளைவு, அதே தாவல். தெருவில் செய்தால் சில்லறைக் காசும் ஒரு சாதிப் பெயரும் கிடைக்கும், மெத்தை போட்ட அரங்கில் செய்தால் மெடல் கிடைக்கும். எந்த உடம்பு எங்கே நின்று ஆடுகிறது, யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உட்கார்ந்து பார்ப்பவர்களின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1976 ஜூலை 18, மான்ட்ரியால். ருமேனியாவின் நாடியா கொமனேச்சி, 14 வயசு. கம்பிகளில் அவள் செய்த பயிற்சிக்குப் பத்துக்குப் பத்து போட்டார்கள். ஒலிம்பிக்ஸில் அதுவரை யாருக்கும் வராத மார்க் என்பதால் மார்க் பலகைக்கே அதைக் காட்டத் தெரியவில்லை, 1.00 என்று காட்டியது. அந்தப் போட்டியில் மட்டும் அவளுக்கு ஏழு முறை பத்து கிடைத்தது. எல்லோரும் கொண்டாடுகிற இந்தக் கதையை நானும் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் பத்து என்பது ஒரு கூரை. அதற்கு மேல் யாரும் போக முடியாது. கூரைக்குக் கீழே யார் எந்த உயரத்தில் நிற்பது என்பதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நடுவர்களின் கண்தான் முடிவு செய்யும்.

அந்தக் கண் எப்படிப்பட்டது என்பதற்கு 1968 மெக்சிகோவைப் பார்க்கலாம். அந்த ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தன. கையெழுத்துப் போட்டு எதிர்த்தவர்களில் ஒருவரான வேரா சாஸ்லாவ்ஸ்கா மலைப்பகுதிக்குத் தப்பிப் போய், மரக்கிளையில் தொங்கியும் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கியும் பயிற்சி எடுத்தார். அக்டோபரில் மெக்சிகோ போனார். தரைப்பயிற்சியில் தங்கம் அவருக்குத்தான் என்று இருந்தபோது சோவியத்தின் லாரிசா பெட்ரிக்குக்குப் போட்டிருந்த மார்க்கைத் திருத்தி ஏற்றினார்கள். இருவரும் சமம் என்று ஆனது. சோவியத் கீதம் ஒலிக்கும்போது சாஸ்லாவ்ஸ்கா தலையை வலப்பக்கம் திருப்பிக் கீழே குனிந்துகொண்டார். அதே ஒலிம்பிக்ஸில்தான் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில் கறுப்புக் கையுறை போட்ட முஷ்டியை உயர்த்தினார்கள். முஷ்டியின் படத்தை நம் தோழர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். குனிந்த தலையின் படம் இடதுசாரி நண்பர்கள் வீட்டில் மாட்டப்படுவதில்லை. அதற்காக அவர் தன் நாட்டிலேயே பல வருஷம் ஒதுக்கி வைக்கப்பட்டார்.

கறுப்பினப் பெண்கள் இந்த அரங்குக்குள் வந்த கதையைத் தேடிப் போனால் முதலில் கிடைப்பது வராமல் போனவர்களின் கதைதான். லூசி காலின்ஸ், கலிபோர்னியாவின் இங்கிள்வுட்டைச் சேர்ந்தவர். 1980இல் அமெரிக்க ஒலிம்பிக்ஸ் அணிக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண் ஜிம்னாஸ்ட். அந்த வருஷம் அமெரிக்கா மாஸ்கோ ஒலிம்பிக்ஸைப் புறக்கணித்தது. கதை முடிந்தது. பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆள் அரங்கில் இல்லை.

அடுத்தவர் டயேன் டர்ஹாம். இந்தியானாவில் கேரி என்ற இரும்பாலை ஊர், கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். நாடியாவை உருவாக்கிய பேலா கரோலி அமெரிக்காவுக்கு வந்து ஹூஸ்டனில் நடத்திய பயிற்சிக்கூடத்தில் டயேன் சேர்ந்தாள். 1983இல் அமெரிக்கத் தேசியச் சாம்பியன் ஆனாள். எந்தக் கறுப்பினப் பெண்ணுக்கும் அதற்கு முன்பு கிடைக்காத பட்டம். அன்று அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் அதே கூடத்தில் பயிற்சி எடுத்த மேரி லூ ரெட்டனும் ஒருத்தி. மறுவருஷம் ஒலிம்பிக்ஸ் தேர்வுப் போட்டியில் டயேனுக்குக் கணுக்காலில் அடிபட்டது, பாதியில் விலகினாள், அணியில் இடம் இல்லை என்று ஆகிவிட்டது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் மேரி லூ ரெட்டன் தங்கம் வாங்கினாள். அமெரிக்கா முழுக்க அவள் முகம், உணவுப் பெட்டியில்கூட அவள் முகம். டயேன் டர்ஹாம் 2021 பிப்ரவரியில் 52 வயதில் இறந்தார். என் நோட்டில் அவருக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன், ஒரு பக்கம்தான் நிரம்பியிருக்கிறது.

1992 பார்சிலோனாவில் டொமினிக் டாவ்ஸும் பெட்டி ஒக்கீனோவும் அணியோடு வெண்கலம் வாங்கினார்கள். 1996 அட்லாண்டாவில் டாவ்ஸ் அணியோடு தங்கமும், தரைப்பயிற்சியில் தனியாக வெண்கலமும் வாங்கினார். அந்தத் தங்கத்தின் கதையில் உலகம் நினைவில் வைத்திருப்பது கெர்ரி ஸ்ட்ரக்கை. காலில் அடிபட்டு நிற்க முடியாத நிலையில் இரண்டாவது வால்ட்டுக்கு ஓடினாள், குதித்தாள், ஒற்றைக் காலில் நின்றாள், சுருண்டு விழுந்தாள். கரோலி அவளைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார். வீரம் என்றால் இதுதான் என்று பல வருஷம் காட்டினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த இரண்டாவது குதி இல்லாமலேயே அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைத்திருக்கும்.

2006இல் பத்து என்ற கூரையை எடுத்துவிட்டார்கள். செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு மார்க், எவ்வளவு சுத்தமாகச் செய்தாய் என்பதற்கு இன்னொரு மார்க். முதலாவதுக்கு உச்சவரம்பு இல்லை. இரண்டாவது பத்தில் தொடங்கி, முழங்கால் வளைந்தால் இவ்வளவு, விழுந்தால் ஒன்று என்று கழித்துக்கொண்டே வருவது. இதில் கலைநயம் என்ற கழித்தலும் உண்டு. இந்தப் புது ஏற்பாட்டில்தான் சிமோன் பைல்ஸ் வந்தாள். உயரம் நாலடி எட்டு அங்குலம். சின்ன வயசில் அம்மாவால் வளர்க்க முடியாமல் வளர்ப்பு வீட்டில் இருந்து, பிறகு தாத்தாவும் பாட்டியும் தத்தெடுத்து டெக்சாஸில் வளர்த்த பெண்.

2013இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் உலகச் சாம்பியன் ஆனபோது அவளுக்கு 16 வயசு. இத்தாலி வீராங்கனை கார்லோட்டா ஃபெர்லிட்டோ, அடுத்த தடவை நாமும் தோலுக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்தால் ஜெயிக்கலாம் என்ற மாதிரிப் பேசினார். பிறகு மன்னிப்பு கேட்டார். அவரை ஆதரித்து இத்தாலிய ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் செய்தித் தொடர்பாளர் எழுதியதுதான் என்னைக் கூடுதலாகச் சுட்டது. இப்போதைய விதிகள் பலம் மிகுந்த கறுப்பர்களுக்கு வாய்ப்பைத் திறந்துவிட்டு, கிழக்கு ஐரோப்பாவின் நளினத்தைத் தண்டிக்கின்றன என்ற பொருளில் எழுதினார். பலம் இவர்களுக்கு, நளினம் அவர்களுக்கு!

இந்தப் பங்கீடு எனக்குத் தெரியும். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு எழுதினேன். முதல் மூன்று பேரில் ஒருத்தி. அடுத்தது நேர்காணல், 25 மார்க். எனக்கு 9 போட்டார்கள். உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர் நல்ல மாதிரியாகவே சொன்னார்: "நல்லாப் படிச்சிருக்கேம்மா. பேச்சுலதான் ஒரு பக்குவம் வரணும்." பக்குவம், பாந்தம், நளினம். எழுத்துத் தேர்வில் விடை சரியா தப்பா என்று யாருக்கும் காட்டலாம். பக்குவத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? நடவு நடுகிற, மூட்டை தூக்குகிற, பறை கொட்டுகிற உடம்புக்குப் பலம் உண்டு என்று எவனும் ஒத்துக்கொள்வான். கலை என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கூரை இல்லை என்றார்கள் அல்லவா. 2019 ஸ்டுட்கார்ட்டில் பைல்ஸ் சமநிலைக் கட்டையிலிருந்து இரண்டு குட்டிக்கரணமும் அதற்குள் இரண்டு திருகலும் சேர்த்துக் கீழே இறங்கினாள். வேறு யாரும் செய்யாதது. அதற்குக் கடின மதிப்பாக 0.8தான் என்று நிர்ணயித்தார்கள். இதைப் பார்த்து மற்றவர்களும் முயன்று அடிபடக்கூடாது, பாதுகாப்பையும் யோசித்தோம் என்றது உலகச் சம்மேளனம். 2021இல் அவள் வால்ட்டில் கொண்டுவந்த இரட்டைக் குட்டிக்கரணத்துக்கும் 6.6 என்று எதிர்பார்த்ததைவிடக் குறைவான மதிப்பு. மற்றவர்களுக்கும் எனக்கும் இடைவெளி ரொம்பப் போய்விடக் கூடாது என்று நினைக்கிறார்கள் என்று அவளே சொன்னாள்.

பாதுகாப்பு என்ற வாதம் முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எலெனா முகினாவின் பெயர் என் நோட்டில் சிவப்பு மையில் இருக்கிறது. சோவியத் பெண், 1978இல் உலகச் சாம்பியன். ஆண்கள் செய்துகொண்டிருந்த தாமஸ் சால்ட்டோ என்ற தாவலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கால் முறிந்து சரியாக ஆறாத நிலையிலும் பயிற்சி நடந்தது. என் கழுத்து முறியப் போகிறது என்று பயிற்சியாளரிடம் சொன்னதாகவும், உன்னை மாதிரி ஆட்கள் கழுத்தை முறித்துக்கொள்வதில்லை என்று அவர் பதில் சொன்னதாகவும் பின்னாளில் பேட்டியில் சொன்னாள். 1980 ஜூலை 3, மின்ஸ்க், மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில நாளே இருந்தது. கழுத்து முறிந்தது. தரையில் கிடந்தபோது, நல்லவேளை, இனி ஒலிம்பிக்ஸுக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் முதலில் தோன்றியதாம். அதற்கப்புறம் 26 வருஷம் கைகால் அசையாமல் இருந்து 2006இல் இறந்தாள். இருபது வயசுப் பெண்ணுக்கு 'மாட்டேன்' என்று சொல்லக் கழுத்தை முறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை.

அமெரிக்காவில் அந்தச் சொல்லைப் பறித்த விதம் வேறு. டெக்சாஸில் கரோலி தம்பதியின் பண்ணையில் அப்போது தேசிய அணிக்கு முகாம் நடந்துவந்தது. பெற்றோருக்கு அங்கே அனுமதி இருக்கவில்லை. வலிக்கிறது என்று சொல்ல ஆள் இல்லாத அந்த இடத்தில் அன்பாகப் பேசிய ஒரே மனிதன் அணியின் மருத்துவன் லாரி நாசர். சிகிச்சை என்ற பெயரில் அவன் செய்தது பல வருஷம் பல நூறு பெண்களுக்கு நடந்தது. 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் ஏழு நாள், 156 பேரின் வாக்குமூலம். ஒருத்தி பேச முடிவு செய்தாள், அதைப் பார்த்து இன்னொருத்தி. தொடக்கத்தில் பெயர் சொல்லாமல் இருந்தவர்கள் கடைசியில் பெயரோடு வந்து நின்றார்கள். அவனுக்கு 40 முதல் 175 வருஷம் சிறை. சாட்சியம் என்பதை இலக்கிய வகை என்று இந்தப் பக்கங்களில் நாம் எவ்வளவோ வாதாடியிருக்கிறோம். அந்த ஏழு நாளைப் படித்தால் வாதாடத் தேவையில்லை. சிமோன் பைல்ஸ் தானும் அவர்களில் ஒருத்தி என்று அந்த ஜனவரியில்தான் எழுதினாள். 2021 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க செனட்டில் உட்கார்ந்து, நாசரை மட்டும் சொல்லவில்லை, இதை நடக்கவிட்ட மொத்த அமைப்பையும் குற்றம் சொல்கிறேன் என்றாள். 2015லேயே புகார் போயிருந்தும் எஃப்.பி.ஐ. அசையாமல் இருந்தது அங்கே பேசப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போய் ஸ்டேஷன் திண்ணையில் உட்கார்ந்தவர்களுக்கு இதில் புதுசு ஒன்றும் இல்லை.

அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் டோக்கியோ. 2021 ஜூலை 27, அணிகளின் இறுதிப் போட்டி. இரண்டரைத் திருகல் போட வேண்டிய வால்ட்டில் பைல்ஸ் ஒன்றரையோடு இறங்கினாள். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது. ஜிம்னாஸ்ட்களுக்கு இது தெரிந்த விஷயம், அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை போனால் முகினா. அவள் போகவில்லை. உடுப்பை மாட்டிக்கொண்டு ஓரத்தில் நின்று மற்ற மூன்று பெண்களுக்கும் கைதட்டினாள். நாட்டைக் கைவிட்டவள், கோழை என்று எழுதினார்கள். கெர்ரி ஸ்ட்ரக்கைப் பார் என்றும் எழுதினார்கள்.

அப்போது ஆயாவுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. நான்தான் சொன்னேன். "அந்தக் கறுப்புப் பொண்ணு வரமாட்டேன்னு சொல்லிட்டா ஆயா."

"சொல்லிட்டாளா? யாரும் ஒண்ணும் பண்ணலயா?"

"திட்டுறாங்க."

"திட்டுறதோட வுட்டாங்களா?" ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். "காய்ச்சலுன்னு ஒரு நாளு நான் நடவுக்குப் போவல. ஆண்டை ஊட்டு ஆளு வாசல்ல வந்து நின்னான். உங்கம்மா அப்போ வயித்துல. எழுந்து போனேன்."

இது எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஆயா மறுவருஷம் இறந்துபோனாள்.

2023 அக்டோபரில் அதே ஆண்ட்வெர்ப்பில் பைல்ஸ் அந்த வால்ட்டைச் செய்தாள். விதிப்புத்தகத்தில் அவள் பெயரில் ஐந்தாவது வித்தை. ஒட்டுமொத்தப் போட்டியின் மேடையில் மூன்று இடத்திலும் கறுப்பினப் பெண்கள் நின்றார்கள்: பைல்ஸ், பிரேசிலின் ரெபேக்கா ஆண்ட்ராடே, அமெரிக்காவின் ஷிலீஸ் ஜோன்ஸ். அதற்கு முந்தின மாசம்தான் அயர்லாந்திலிருந்து ஒரு வீடியோ பரவியது. 2022இல் டப்ளினில் நடந்த சிறுமிகள் போட்டி. வரிசையாக நிற்கிற பிள்ளைகளுக்கு ஒரு அம்மா மெடல் மாட்டிக்கொண்டே வருகிறார். அந்த வரிசையில் ஒரே ஒரு கறுப்புப் பிள்ளை. அவளிடம் வந்ததும் கை தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறது. தவறுதலாக நடந்தது என்றார்கள், பிறகு கொடுத்தோம் என்றார்கள், சங்கம் மன்னிப்பும் கேட்டது. நான் அந்தக் கையைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிள்ளை சுற்றுமுற்றும் பார்க்கிறது.

ரெபேக்கா ஆண்ட்ராடேயின் அம்மா வீட்டு வேலை செய்து எட்டுப் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். மகளின் பஸ் காசுக்காகத் தான் வேலைக்கு நடந்து போனவர். மகள் முழங்காலில் மூன்று ஆபரேஷன் முடிந்து டோக்கியோவுக்கு வந்து, தரைப்பயிற்சிக்குப் போட்ட இசையில் பிரேசில் சேரிகளின் ஃபங்க் பாட்டு இருந்தது. அந்த அரங்கில், அந்த நடுவர்களுக்கு முன்னால், சேரிப் பாட்டு. எங்கள் தெரு சாவு மேளத்துக்கு ஒருத்தி அங்கே ஆடினால் என்று நினைத்துப் பார்த்து நான் தனியாகச் சிரித்தேன்.

2024 ஆகஸ்ட் 5, பாரிஸ், தரைப்பயிற்சி. ஆண்ட்ராடே 14.166, பைல்ஸ் 14.133. கடைசியாக ஆடிய ஜோர்டான் சைல்ஸுக்கு முதலில் 13.666 போட்டார்கள். ஒரு தாவலுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்று அவள் பயிற்சியாளர் முறையிட்டார், 0.1 ஏறி 13.766 ஆனது, வெண்கலம். மேடையில் பைல்ஸும் சைல்ஸும் முழங்காலை மடக்கி ஆண்ட்ராடேவை வணங்கினார்கள். ஒலிம்பிக்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸில் மூன்று கறுப்பர்கள் ஒரே மேடையில் நின்றது அன்றுதான். ஐந்து நாள் கழித்து விளையாட்டு நடுவர் மன்றம் சொன்னது: முறையிட ஒரு நிமிஷம்தான், இவர்கள் நாலு நொடி தாமதம். மார்க் பழையபடி இறங்கியது. மெடல் ருமேனியாவின் அனா பார்போசுவுக்குப் போனது. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 13.700 எடுத்துக் கொடியைக் கையில் பிடித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தவள், சைல்ஸின் மார்க் மாறியதைப் பார்த்துக் கொடியைக் கீழே போட்டு அழுதவள் அவள். தாவல் சரியாக இருந்ததா இல்லையா என்பதை மன்றம் தொடவே இல்லை. நாங்கள் நேரத்தோடுதான் சொன்னோம், வீடியோ இருக்கிறது என்று அமெரிக்கத் தரப்பு சொல்லிப் பார்த்தது. சைல்ஸ் சுவிஸ் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போனார்.

என் நோட்டில் அந்த ராத்திரியே எழுதிவிட்டேன். ஜோர்டான் சைல்ஸ், பாரிஸ், 13.766, மூன்றாம் இடம். பேனாவில் எழுதியது. அடிக்கவில்லை. அதற்குக் கீழே பார்போசுவின் பெயரையும் எழுதி, அவளுக்கும் மூன்று என்று போட்டிருக்கிறேன்.